இரண்டு சக்கர வண்டியில் ஓர் ஆய்வு: பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டுவோருக்கான கையேடு

மேல்நிலைப் பள்ளி மாணவர்களை ரோபோ செய்யவைப்பது இன்று பெரிய காரியமல்ல. கிட் ஒன்றைக் கையில் கொடுத்தால், காணொளி பார்த்து, கோட்டின் மேல் ஓடும் வண்டியை இரண்டே நாளில் ஓட்டிக் காட்டிவிடுவார்கள். "சரி, இந்த வண்டி எவ்வளவு துல்லியமாகத் திரும்புகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் திரும்புது" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணையும், அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அவர்களே கண்டுபிடித்துச் சொல்லும்படி செய்வதற்கான வழிமுறை இது. 14 முதல் 17 வயது மாணவர்களோடு வேலை செய்யும் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், பொறியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

முதலிலேயே ஒரு முடிவை எடுத்துவிடுங்கள். ரோபோ மிக எளியதாக, உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். கேள்வி மட்டும் உங்களுக்கே விடை தெரியாததாக இருக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஆறு மூட்டுக் கை, கேமரா, முகம் அடையாளம் காணும் நிரல் என்று இயந்திரத்தைச் சிக்கலாக்கிவிட்டு, கடைசியில் "ரோபோ பொருளை எடுத்து வைத்தது" என்று அறிக்கை எழுதுகின்றன. நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் 1940களின் கடைசியில் பிரிஸ்டலில் கட்டிய ஆமை ரோபோக்களில் இருந்தவை ஓர் ஒளி உணரி, ஒரு தொடு உணரி, இரண்டு வெற்றிடக் குழாய்கள். அவற்றின் நடத்தையைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

கேள்வியைச் சுருக்குவது

மாணவர்கள் கொண்டுவரும் முதல் யோசனை எப்போதும் பெரிதாகவே இருக்கும்: முதியோருக்கு உதவும் ரோபோ, வெள்ளத்தில் ஆட்களைத் தேடும் ரோபோ. "முடியாது" என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். "அதைச் செய்ய ரோபோவுக்கு முதலில் என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். அது எப்படித் தெரியும்? சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி. அந்த எண்ணிக்கையை நம்பலாமா? இங்கே வந்து நில்லுங்கள். இதுதான் 12 வாரத்தில் விடை காணக்கூடிய கேள்வி.

நல்ல கேள்வியில் மாற்றக்கூடிய ஒரு காரணி இருக்கும், அளவுகோலாலோ கடிகாரத்தாலோ அளக்கக்கூடிய ஒரு விளைவு இருக்கும், ஒரே வகுப்பு நேரத்துக்குள் பத்து முறையாவது திரும்பச் செய்யக்கூடியதாக இருக்கும். சில மாதிரிகள்:

வண்டியின் ஒரு பக்கத்தில் 100 கிராம் எடை வைத்தால், ரப்பர் டயர் அமுங்கி அந்தச் சக்கரத்தின் பயனுறு விட்டம் குறைகிறதா? வண்டி அதனால் எவ்வளவு வளைகிறது?

ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தொலைவை அளக்கும் மீயொலி உணரி, சுவருக்கு எத்தனை பாகை சாய்ந்தால் சுவரைத் தவறவிடுகிறது? வழவழப்பான பலகைக்கும் தடித்த துணிக்கும் அந்தக் கோணம் வேறுபடுகிறதா?

அறை வெப்பம் 20 பாகை செல்சியஸிலிருந்து 35 பாகைக்கு ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 352 மீட்டர் ஆகிறது. நிரலில் 343 என்றே விட்டுவைத்தால் 2 மீட்டர் தொலைவில் சுமார் 5 செ.மீ. பிழை வர வேண்டும். உண்மையில் வருகிறதா, அல்லது உணரியின் சொந்தச் சிதறலில் (ஒரே தொலைவை அளந்தாலும் முறைக்கு முறை மாறும் எண்களில்) அது மறைந்துபோகிறதா?

கடைசிக் கேள்விக்கு "மறைந்துபோகிறது" என்ற விடை வந்தாலும் ஆய்வு முழுமையானதுதான். இதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். இல்லையென்றால், எதிர்பார்த்தது வராத அன்று மாணவர்கள் எண்களைத் "திருத்த" ஆரம்பிப்பார்கள்.

குழுவும் நேரமும்

ஒரு வண்டிக்கு மூன்று பேர். நான்கு பேரானால் ஒருவர் கைப்பேசிக்குள் போய்விடுவார். வாரம் இரண்டு முறை, தலா இரண்டு மணி நேரம், 12 வாரம். அதைவிடக் குறைந்தால் தரவு சேர்க்கும் கட்டம்தான் அடிபடும், ஏனென்றால் அது கடைசிப் பாதியில் வருகிறது. கட்ட 2 வாரம், அளவுத்திருத்தத்துக்கு 2, முன்னோட்டச் சோதனைக்கு 1, தரவு சேர்க்க 4, பகுப்பாய்வுக்கு 2, எழுத 1 என்று பிரித்துக்கொள்ளுங்கள். கட்டும் வேலை இரண்டு வாரத்தைத் தாண்டினால், பாகங்களைக் குறையுங்கள். கால அட்டவணையை நீட்டாதீர்கள்.

மூன்று பொறுப்புகள்: வண்டியை இயக்குபவர், அளப்பவர், பதிபவர். ஒவ்வொரு வகுப்பிலும் இவை மாற வேண்டும். இதை மாணவர்களிடமே விட்டுவிட்டால், ஒரு மாதத்தில் விசைப்பலகை ஒரே ஆளின் சொத்தாகிவிடும். கலப்புக் குழுக்களில் குறிப்பேடு பெண் பிள்ளைகளின் கைக்கே போய்ச் சேர்வதும் வாடிக்கை. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் நடக்கும். சுழற்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

வண்டி

ஒரு வண்டிக்குத் தேவையானவை: என்கோடர் (சுழற்சியைத் துடிப்புகளாக எண்ண உதவும் உணரி) பொருத்திய என்20 கியர் மோட்டார் 2 (6 வோல்ட், கியர் விகிதம் 1:50), 43 மி.மீ. ரப்பர் சக்கரம் 2, பந்து வடிவத் தாங்கு சக்கரம் 1, டிபி6612 மோட்டார் இயக்கி 1, ஆர்டுயினோ ஊனோ (நிரலை ஓட்டும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை) 1, ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் 6 (மாற்று செட் ஒன்றும் வேண்டும்), 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தருவது) 1, எச்சி-05 புளூடூத் பலகை 1, தட்டையான அக்ரிலிக் அல்லது ஒட்டுப்பலகை அடித்தட்டு 1. இவற்றோடு ஒரு மல்டிமீட்டர், 5 மீட்டர் அளவு நாடா, ஒரு டிஜிட்டல் வெர்னியர். மோட்டார்களும் ஜம்பர் ஒயர்களும் மட்டும் கூடுதலாக இருக்கட்டும். மோட்டாரின் பின்பக்க என்கோடர் ஒயர்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் அறுந்துபோவது.

மலிவான கிட்களில் எல்298என் இயக்கி வரும். அதைத் தவிர்ப்பதே நல்லது. உள்ளே இருப்பது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போது சுமார் 2 வோல்ட்டைத் தானே வெப்பமாக்கித் தின்றுவிடும். 7.2 வோல்ட் மின்கலத்தில் அது பெரிய இழப்பு. டிபி6612 மாஸ்ஃபெட் வகை, ஒரு தடத்துக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர் தாங்கும். என்20 மோட்டாருக்கு அது போதும்.

சுழலும் தாங்கு சக்கரம் வேண்டாம். வண்டி திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது அரை வட்டம் அடித்து வண்டியின் பின்பகுதியைத் தள்ளிவிடும். அந்தத் தள்ளல் உங்கள் தரவில் "மர்மப் பிழை"யாக வந்து நிற்கும். பந்து வடிவத் தாங்கிக்கு அந்த வினை இல்லை.

9 வோல்ட் சதுர மின்கலத்தையும் வாங்காதீர்கள். அதன் உள்மின்தடை அதிகம். மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, ஆர்டுயினோ மறுதொடக்கமாகிவிடும். பவர் பேங்கும் ஒத்துவராது. பலகை மட்டும் இழுக்கும் சொற்ப மின்னோட்டத்தைப் பார்த்து, "சாதனம் ஒன்றும் இணைக்கப்படவில்லை" என்று கருதிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

இணைப்பு இதுதான்: மின்கலத் தொகுதியிலிருந்து நேராக இயக்கியின் மோட்டார் மின்முனைக்கு ஒரு கிளை, பக் கன்வெர்ட்டர் வழியாக ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனைக்கு இன்னொரு கிளை. கன்வெர்ட்டரைப் பலகையோடு இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்து 5.0 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். பல கன்வெர்ட்டர்கள் உள்ளீட்டுக்கு நெருக்கமான மின்னழுத்தத்தோடுதான் பெட்டியிலிருந்து வெளிவரும், பலகையைச் சுட்டுவிடும். யூஎஸ்பி கேபிளைச் செருகும்போது இந்தக் கிளையைக் கழற்றிவிடுங்கள். எல்லா எதிர்முனைகளும் ஓரிடத்தில் சேர வேண்டும். மோட்டார் மின்கலத்தின் எதிர்முனையை ஆர்டுயினோவின் எதிர்முனையோடு சேர்க்க மறந்துவிட்டு, நிரலில் தவறு தேடுவதுதான் முதல் வாரத்தின் பொதுவான நேர விரயம்.

ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 100 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றைச் சாலிடர் செய்யுங்கள். இயக்கியின் மின்முனையில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று. இவை இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால் என்கோடர் எண்ணிக்கையில் பேய்த்துடிப்புகள் வந்து சேரும்.

முதல் அளவீடு: ஒரே ஒரு மோட்டார்

வண்டியைத் தரையில் விடுவதற்கு முன், சக்கரங்கள் காற்றில் சுழலும்படி ஒரு பெட்டியின் மேல் தூக்கி வையுங்கள். பிடபிள்யூஎம் மதிப்பை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த நிரலில் எழுதும் எண்) 0 முதல் 255 வரை 15 படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சக்கரத்தின் வேகத்தைப் பதியச் சொல்லுங்கள். பிறகு இறங்கு வரிசையில் அதே அளவீடு. மறு மோட்டாருக்கும் இப்படியே. வரைபடம் போட்டால் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே மோட்டார் அசைவதே இல்லை. ஏறும்போது கிளம்பும் மதிப்பும் இறங்கும்போது நிற்கும் மதிப்பும் வேறு. இரண்டு மோட்டார்களும் ஒரே வகையாக இருந்தும் ஒரே கோட்டில் விழுவதில்லை.

அரை மணி நேர வேலை. ஆனால் "நிரலில் எழுதிய எண் வேறு, உலகத்தில் நடப்பது வேறு" என்பது இங்கேதான் உறைக்கும். விளக்கம் எதுவும் சொல்லாமல் வரைபடத்தைப் பார்த்து அவர்களே பேசட்டும்.

என்கோடர் எண்ணிக்கையில் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. துடிப்பு வந்ததும் ஓடும் நிரலை இடைமறித்து அதை எண்ணவைப்பது குறுக்கீடு. ஊனோவில் வெளிக் குறுக்கீட்டு முனைகள் 2, 3 என இரண்டே. எனவே என்கோடர் தரும் இரண்டு சைகைத் தடங்களில், சக்கரத்துக்கு ஒரு தடத்தை அவற்றில் இணைத்து, மறு தடத்தைத் திசை அறிய மட்டும் படிப்போம். ஒரு மோட்டார்ச் சுற்றுக்கு 7 துடிப்பு தரும் என்கோடரில் துடிப்பின் ஏற்றம், இறக்கம் இரண்டையும் எண்ணினால், ஒரு சக்கரச் சுற்றுக்கு 7 × 2 × 50 = 700 எண்ணிக்கை. சக்கரத்தின் சுற்றளவு 135 மி.மீ. ஆகவே, ஓர் எண்ணிக்கைக்கு 0.19 மி.மீ. இதை மாணவர்களே கணக்கிட வேண்டும். மோட்டார் விற்பவர் சொல்லும் துடிப்பு எண்ணை நம்பாமல், சக்கரத்தைக் கையால் பத்து முறை சுற்றிச் சரிபார்க்கவும் வேண்டும்.

முதல் பொறி: ஊனோவில் சாதாரண முழு எண் மாறி 16 பிட் அளவு. 32,767-ஐத் தாண்டினால் எதிர்மறைக்குத் தாவிவிடும். மேலே சொன்ன கணக்கில் அது 6.3 மீட்டர் ஓட்டம். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை ஒரு முறை சுற்றினால் ஒன்றும் தெரியாது. எண்ணிக்கையைப் பூஜ்யமாக்காமல் இரண்டாவது சுற்று விட்டால், பாதி வழி வாக்கில் வண்டி திடீரென்று எங்கோ ஓடும். 32 பிட் மாறியைப் பயன்படுத்தினால் தீர்ந்தது. ஆனால் அதனாலேயே இரண்டாவது பொறி: 8 பிட் செயலி அந்த நான்கு பைட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, நடுவில் குறுக்கீடு வந்து மதிப்பை மாற்றிவிடலாம். எப்போதாவது ஒரு முறை எண்ணிக்கை 256 குதித்தால் இதுதான் காரணம். படிப்பதற்கு முன் குறுக்கீட்டை நிறுத்தி, மதிப்பை வேறொரு மாறிக்கு நகலெடுத்துவிட்டு, மீண்டும் திறக்க வேண்டும்.

சதுரப் பாதைச் சோதனை

1990களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோஹான் போரன்ஸ்டைனும் லிசியாங் ஃபெங்கும் வகுத்த முறை ஒன்று உண்டு. யூஎம்பிமார்க் என்று பெயர். 4 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் வண்டியை வலஞ்சுழியாக ஐந்து முறை, இடஞ்சுழியாக ஐந்து முறை ஓடவிட்டு, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று அளப்பதுதான் மொத்தச் சோதனையும். வகுப்பறைக்கு 1 மீட்டர் பக்கம் போதும். பள்ளிக் கணிதத்துக்கு உட்பட்டது, அதே சமயம் உண்மையான ஆய்வு முறை. இரண்டும் சேர்ந்த சோதனை வேறொன்று கிடைப்பது கடினம்.

ஏன் இரண்டு திசை? இதை மாணவர்கள் தாளில் வரைந்து புரிந்துகொள்ளட்டும். வண்டியில் இரண்டு வகையான நிரந்தரப் பிழைகள் உண்டு. ஒன்று, சக்கர விட்டங்கள் சமமில்லை. சக்கர இடைவெளி 100 மி.மீ., விட்டங்களுக்கிடையே வேறுபாடு 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதாவது அரை மி.மீட்டருக்கும் குறைவு. ஒரு மீட்டர் "நேராக" ஓடும்போது ஒரு சக்கரம் 10 மி.மீ. அதிகம் போகிறது. 10-ஐ 100-ஆல் வகுத்தால் 0.1 ரேடியன், 5.7 பாகை. பக்கவாட்டு விலகல் 5 செ.மீ. மற்றது, சக்கர இடைவெளியையே தவறாக அளந்திருப்பது. நிரலில் 100 என்று எழுதி, உண்மையில் 102 இருந்தால், 90 பாகைத் திருப்பம் 88.2 பாகையில் நின்றுவிடும்.

முதல் பிழை எந்தத் திசையில் சுற்றினாலும் ஒரே பக்கமாக வளைக்கும். இரண்டாவது எந்தத் திசையிலும் திருப்பத்தைக் குறைக்கும். எனவே ஒரு திசையில் இவை கூடும், மறு திசையில் ஒன்றையொன்று அழிக்கும். வலஞ்சுழியாக மட்டும் ஓட்டிப் பார்த்து, வண்டி அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தது என்று கொண்டாடிவிட்டு, இடஞ்சுழியாக விட்டதும் அரை அடி தள்ளி நிற்பதைப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல அதிர்ச்சி. அந்தச் சந்தர்ப்பத்தைக் கெடுக்காதீர்கள்.

செய்முறை. வழவழப்பான, ஒரே சீரான தரையைத் தேடுங்கள். டைல்ஸ் இணைப்புப் பள்ளங்கள் சக்கரத்தைத் தட்டிவிடும். வழியில்லை என்றால் வினைல் விரிப்பை இழுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். புறப்படும் மூலையில் இரண்டு நேரான மரச்சட்டங்களை எல் வடிவில் செங்கோணமாகப் பதித்து, வண்டியை ஒவ்வொரு முறையும் அதில் அணைத்து வையுங்கள். கண்ணால் பார்த்து வைத்தால் புறப்பாட்டிலேயே 1 பாகை தவறும். அது ஒரு மீட்டரில் 17 மி.மீ. இறுதி நிலையையும் அதே சட்டங்களிலிருந்துதான் அளக்க வேண்டும். வண்டியின் சக்கர அச்சு நடுவுக்கு நேர் கீழே அடித்தட்டில் ஒரு துளை போட்டு, மார்க்கர் முனையால் தரையில் புள்ளி வைக்கலாம்.

மோட்டாரை ஒரே அடியில் முழு வேகத்துக்குத் தூக்காதீர்கள். அரை விநாடியாவது எடுத்துப் படிப்படியாக ஏற்றி இறக்குங்கள். சக்கரம் வழுக்கினால் என்கோடர் எண்ணும், வண்டி நகராது. திருப்பத்துக்கு முன்னும் பின்னும் அரை விநாடி நிறுத்தம். ஒரு திசைக்குப் பத்து ஓட்டம்.

கணக்கு: புறப்பட்ட முதல் பக்கத்தின் திசையை நீள அச்சாகக் கொள்ளுங்கள். வலஞ்சுழி ஓட்டங்களின் நீள அச்சுப் பிழைச் சராசரி −60 மி.மீ., இடஞ்சுழிச் சராசரி +20 மி.மீ. என்று வந்ததாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டி, பக்க நீளத்தின் −4 மடங்கால் வகுத்தால்: −40 ÷ −4000 = 0.01 ரேடியன். ஒவ்வொரு மூலையிலும் வண்டி 0.57 பாகை குறைவாகத் திரும்புகிறது. எனவே நிரலில் உள்ள இடைவெளியை 90 ÷ 89.43 ஆல் பெருக்க வேண்டும். 100 மி.மீ. என்பது 100.6 ஆகிறது. வலஞ்சுழியிலிருந்து இடஞ்சுழியைக் கழித்து அதே −4000 ஆல் வகுத்தால்: −80 ÷ −4000 = 0.02 ரேடியன். ஒவ்வொரு மீட்டருக்கும் வண்டி அந்த அளவு இடப்பக்கம் வளைகிறது. 100 மி.மீ. இடைவெளிக்கு அது 2 மி.மீ. வேறுபாடு. வலது சக்கரம் 0.2 விழுக்காடு பெரியது. 43 மி.மீ. சக்கரத்தில் இது 0.09 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். வெர்னியரால் இதை அளக்க முடியாது, ஏனென்றால் ரப்பர் அமுங்கும். தரையில் சதுரம் ஓட்டி அளக்க முடிந்திருக்கிறது.

திருத்திய எண்களை நிரலில் போட்டு மீண்டும் இருபது ஓட்டம். சராசரி புறப்பட்ட இடத்துக்கு நெருங்கும். சிதறல் அப்படியே இருக்கும். அந்தச் சிதறல்தான் மாணவர்களின் சொந்த ஆய்வுக்கான வாசல். வேகம் கூடினால் சிதறல் கூடுகிறதா? தரையை மாற்றினால்? பக்க எடை வைத்தால் விட்ட விகிதம் நகர்கிறதா? இங்கிருந்து உங்களுக்கும் விடை தெரியாது.

தரவு பதிவதில் நடக்கும் விபத்துகள்

வண்டியோடு யூஎஸ்பி கேபிளைக் கட்டி ஓடவிட்டால் கேபிள் இழுப்பே பிழையாகும். ஓட்டம் முடிந்தபின் கேபிளைச் செருகிப் படித்துக்கொள்ளலாம் என்றால், கணினியில் சீரியல் இணைப்பைத் திறந்ததும் ஊனோ மறுதொடக்கமாகி நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். அதற்காகத்தான் புளூடூத் பலகை. அதுவும் 0, 1 முனைகளில் இருந்தால் நிரல் ஏற்றும்போது கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் "பதிவேற்றம் தோல்வி" என்று வரும், மாணவர்கள் புதுப் பலகை கேட்பார்கள். எச்சி-05-இன் பெறும் முனை 3.3 வோல்ட் வகை. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள்.

9600 பாட் வேகத்தில் ஒரு விநாடிக்கு 960 எழுத்துதான் போகும். 40 எழுத்துள்ள ஒரு வரிக்கு 42 மில்லி விநாடி. 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை கட்டுப்பாட்டுக் கணக்கு ஓட வேண்டிய நிரலில் இப்படி அச்சிட்டால், அனுப்பு இடையகம் (எழுத்துகள் அனுப்பக் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பியதும் நிரல் காத்து நிற்கும். வண்டி தள்ளாடும். அச்சு வரியை நீக்கிப் பார்த்தால் சரியாகிவிடும், மறுபடி சேர்த்தால் கெடும். 115200-க்கு மாற்றுங்கள், தேவையான மாறிகளை மட்டும் அனுப்புங்கள்.

மூலத் தரவுக் கோப்பை யாரும் திருத்தக் கூடாது. ஆண்டு, மாதம், நாள், ஓட்ட எண் என்ற வரிசையில் பெயர் வைத்து, சிஎஸ்வி வடிவில் வைத்துவிட்டு, நகலில்தான் வேலை. காகிதக் குறிப்பேடு கட்டாயம். பக்க எண், தேதி, பேனா. தவறினால் ஒற்றைக் கோடு, அழிப்பான் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மின்கல மின்னழுத்தம், தரை, நிரல் பதிப்பு, அன்று யார் எந்தப் பொறுப்பு. "3-ஆம் ஓட்டத்தில் யாரோ வண்டியைத் தட்டினார்கள்" என்பதும் எழுதப்பட வேண்டும். மோசமான ஓட்டத்தை நீக்கலாம், ஆனால் நீக்குவதற்கான விதியைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மின்கலம் என்ற கண்ணுக்குத் தெரியாத காரணி

முதல் ஆய்வில் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் விழும் குழி இது. வழவழப்பான தரையில் பத்து ஓட்டம் முடித்துவிட்டு, பிறகு விரிப்பில் பத்து ஓட்டம். முதல் பத்தில் மின்கலம் நிறைந்திருந்தது, அடுத்த பத்தில் இறங்கிவிட்டது. கிடைத்த வேறுபாடு தரையாலா, மின்கலத்தாலா? பிரிக்க வழியே இல்லை.

தீர்வு எளிது. ஓட்டங்களைக் கலந்துவிடுங்கள். நாணயம் சுண்டியோ, சீட்டு எடுத்தோ வரிசையை முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மின்னழுத்தத்தை அளந்து, சுமை இல்லாத நிலையில் 7.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் செட்டை மாற்றுவது போன்ற ஓர் எல்லையை வையுங்கள். முடிந்தால் அளப்பவருக்கு இது எந்த நிலை என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை வைத்த ஆய்வில் வண்டியின் மேல் ஒரு மூடி போட்டாலே போதும். புள்ளிக்கும் சட்டத்துக்கும் நடுவே 43-ஆ 44-ஆ என்று கண் தடுமாறும்போது, விடை தெரிந்தவர் தமக்கு வேண்டியதைத்தான் படிப்பார். ஏமாற்று வேலை என்று நினைத்துச் செய்வதில்லை.

பகுப்பாய்வு

முதலில் எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். சராசரிப் பட்டை வரைபடத்துக்கு உடனே ஓடுவார்கள், தடுங்கள். இருபது புள்ளிகளைக் கண்ணால் பார்த்தபின்தான் சராசரியும் திட்ட விலக்கமும்.

"இந்த வேறுபாடு தற்செயலா?" என்ற கேள்விக்கு வாய்பாடுகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பதைவிடக் கலைத்துப் பார்க்கும் முறை நல்லது. இரு நிலைகளிலும் பத்துப் பத்தாக இருபது முடிவுகள். நிலையின் பெயர்களை அழித்துவிட்டு, இருபதையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, ஏதோ பத்து, ஏதோ பத்து எனப் பிரித்து, சராசரிகளின் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். இதைக் கணினியில் 10,000 முறை செய்யுங்கள். உண்மையில் கிடைத்த வேறுபாட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ எத்தனை முறை வந்தது? 10,000-இல் 30 முறை என்றால் தற்செயல் என்று சொல்வது கடினம். 2,800 முறை என்றால் ஒன்றும் நிரூபிக்கவில்லை. பத்து வரி பைதான் நிரல். ஐந்து ஐந்து ஓட்டம் ஏன் போதாது என்பதும் இதில் தெளிவாகும்: பத்தைச் சமமாகப் பிரிக்க 252 வழிதான் உண்டு, இருபதைப் பிரிக்க 1,84,756 வழி.

வழிகாட்டியின் கை

உங்கள் கை விசைப்பலகைக்கோ சாலிடரிங் கோலுக்கோ போகக் கூடாது. சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம், முக்கியமாக வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது. "வேலை செய்யலை" என்று வருபவரிடம் "என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, மல்டிமீட்டர் என்ன காட்டுகிறது?" என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேர் திரும்பிப் போய் அறுந்த ஒயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜம்பர் ஒயர்தான் எப்போதும் முதல் சந்தேக நபர். வண்டி ஒருமுறை ஓடிவிட்டால், ஒயர்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டை ஒதுக்கிவிட்டுச் சாலிடர் செய்த பலகைக்கு மாறுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நிரல் கேட்டு வாங்குவதைத் தடை செய்து பயனில்லை. விதி வேறாக இருக்கட்டும்: குழுவில் யாரை எழுப்பி எந்த வரியைச் சுட்டினாலும் அது என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரி வண்டியில் ஏறக் கூடாது. அந்த நிரல்களில் குறுக்கீட்டை நிறுத்திப் படிக்கும் அந்தச் சின்ன விஷயம் விடுபட்டிருக்கிறதா என்று மாணவர்களையே தேடச் சொல்வது நல்ல பயிற்சி.

ஆர்ஓஎஸ் (ரோபோக்களுக்கான மென்பொருள் தொகுப்பு), கேமரா, இயந்திரக் கற்றல் எல்லாம் இரண்டாம் ஆண்டுக்கு. முதல் திட்டத்திலேயே இறக்கினால், 12 வாரத்தில் 7 வாரம் மென்பொருள் நிறுவுவதில் போகும். கூடுதல் ஆர்வமுள்ளவர்களுக்கு வெபாட்ஸ் போன்ற திறந்த மூலப் பாவனைச் செயலியைக் காட்டி, அதே சதுரப் பாதையை அங்கே ஓடவிட்டு, தரையில் கிடைத்த சிதறலோடு ஒப்பிடச் சொல்லலாம்.

பாதுகாப்பு

சாலிடர் செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுதல். நீண்ட முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். புதிய நிரலின் முதல் ஓட்டம் எப்போதும் சக்கரம் காற்றில் இருக்கும்படி. மின்கலத்தை ஒரே தட்டில் துண்டிக்கும் சுவிட்ச் வண்டியின் மேற்புறத்தில் இருக்கட்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடைப் பரிந்துரைப்பதற்கும் பாதுகாப்பே காரணம். லித்தியம் பாலிமர் எடைக்கு அதிக ஆற்றல் தரும், ஆனால் துளைபட்டாலோ அளவுமீறி மின்னேற்றினாலோ தீப்பிடிக்கும். கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால், கலம் ஒன்றுக்கு 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள், 4.2-க்கு மேல் ஏற்றாதீர்கள், 3.8 அளவில் சேமித்து வையுங்கள், ஆள் இல்லாத அறையில் மின்னேற்றாதீர்கள்.

ஆய்வில் மனிதர்கள் பங்கேற்றால், உதாரணமாக ரோபோவின் வேகத்தைப் பார்த்து மக்கள் எவ்வளவு விலகி நடக்கிறார்கள் என்று அளந்தால், தரவு சேர்ப்பதற்கு முன்பே பள்ளியின் அனுமதியும், பங்கேற்பவரின் ஒப்புதலும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசப் போட்டியான ரீஜெனரான் ஐஎஸ்இஎஃப் போன்ற அறிவியல் கண்காட்சிகள் இதை முன்கூட்டியே கேட்கும். பின்னால் வாங்கிச் சேர்க்க முடியாது.

எழுதுவது

அறிக்கையைக் கடைசி வாரத்தில் தொடங்கினாலும், செய்முறைப் பகுதியைத் தரவு சேர்க்கும் நாட்களிலேயே எழுதவைத்துவிடுங்கள். அதற்கு ஒரே சோதனை: அந்தப் பக்கத்தை இன்னொரு குழுவிடம் கொடுங்கள், வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர்கள் அதை மட்டும் படித்து, வண்டியைச் சட்டத்தில் அணைத்து, ஓட்டி, அளந்து, முந்தைய சிதறலுக்குள் வரும் ஓர் எண்ணைப் பெற வேண்டும். எங்கே தடுமாறி நிமிர்ந்து பார்க்கிறார்களோ, அந்த வரியில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது வண்டியின் எந்தப் பக்கம் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பதாகவோ, மின்னழுத்தத்தை ஓட்டத்துக்கு முன் அளப்பதா பின் அளப்பதா என்பதாகவோ இருக்கும்.